பிளாக்பெர்ரி ஸ்மோக் 'பி ரைட் ஹியர்': எங்க லோரில நிக்காம ஓடுற ஆல்பம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். காலையில பெரட்டு (தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்குறது) முடிஞ்சி, குலை ஏத்தி, ஆலைக்குப் போனா வரிசையில நிக்கணும், காய் அதிகமா வர்ற மாசத்துல ரெண்டு மணி நேரம் கூட ஆவும், அந்த நேரத்துலதான் நான் ஒரு ஆல்பத்த மொத பாட்டுலேர்ந்து கடைசி பாட்டு வரைக்கும் கேக்குறது. இந்த 'பி ரைட் ஹியர்' 2024 பிப்ரவரி 16ல வந்துச்சி. வந்த நாள்லேர்ந்து இதான் ஓடுது, வேற எதப் போட்டாலும் ரெண்டு நாள்ல திரும்ப இதுக்கே வந்துடறேன்.

சதர்ன் ராக்னா நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு லினர்ட் ஸ்கினர்ட்ங்கற பேண்டுதான் ஞாபகம் வரும். அமெரிக்காவோட தெக்கத்தி சீமைல வளந்த ராக், உள்ள புளூஸ் இருக்கும் கன்ட்ரி இருக்கும் சர்ச் பாட்டு வாசனையும் இருக்கும், ரெண்டு மூணு கிட்டார் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே போகும். 1977 விமான விபத்துல ஸ்கினர்ட் ஆளுங்க மூணு பேரு போயிட்டாங்க, ஆரம்பத்துலேர்ந்து இருந்தவங்கள்ல கடைசி ஆளு கேரி ரோசிங்டனும் 2023 மார்ச்சுல போயிட்டாரு. இப்ப அந்தத் தேர வடம் புடிச்சி இழுக்குறது யாருன்னு கேட்டா நான் யோசிக்காம பிளாக்பெர்ரி ஸ்மோக்னு சொல்லுவேன். ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவுல 2000த்துல ஆரம்பிச்சவங்க. பாடி கிட்டார் வாசிக்கிற சார்லி ஸ்டார் அலபாமாவுல லானெட்னு ஒரு பஞ்சாலை ஊர்ல வளந்தவரு, அவரு அப்பா புளூகிராஸ்னு ஒரு வகை கிராமத்து கன்ட்ரி இசைல கிட்டார் வாசிப்பாராம். ஆலைய நம்பியே ஒரு ஊரு இருந்தா அது எப்படி இருக்கும்னு தோட்டத்துல பொறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேணாம், அதனாலயோ என்னமோ அவரு பாட்டு எனக்கு அந்நியமா தெரிஞ்சதே இல்ல.

ஆல்பத்த புரொட்யூஸ் பண்ணது டேவ் காப், போன ஆல்பம் 2021ல வந்த 'யூ ஹியர் ஜார்ஜியா'வும் அவருதான். இந்தத் தடவ எல்லாரையும் ஒரே ரூம்ல ஒக்கார வச்சி, அதிகம் ஒத்திகை பாக்காம நேரடியா வாசிக்க விட்டுருக்காரு. தனித்தனியா பதிவு பண்ணி அப்பறம் கம்ப்யூட்டர்ல ஒட்டுற சங்கதி இல்ல. கேக்கும்போதே தெரியும், மொத பாட்டு 'டிக் எ ஹோல்' ஆரம்பத்துல கீபோர்டு மெதுவா நடந்து வரும், ட்ரம்ஸ் அது பின்னாடியே கால் வைக்கும், கிட்டார் உள்ள நுழையும்போது மத்தவங்க ஒரு அடி நகந்து எடம் குடுக்குற மாதிரி இருக்கும். கோயில் திருவிழாவுல நல்ல உறுமி மேளக்காரங்க வாசிக்கும்போது கண்ணாலயே பேசிக்குவாங்களே, அது.

ரெண்டாவது 'ஹேமர் அண்ட் த நெயில்', ஒடம்பால ஒழைக்கிறவன் பாட்டு, சத்தமா வச்சி கேளுங்க. 'லைக் இட் வாஸ் யெஸ்டர்டே' ரோட்ல போகும்போது கேக்க. அஞ்சாவது 'அசலியா' வேற ரகம். அக்கூஸ்டிக் கிட்டார், மெதுவான கொரல். எனக்கு அது வீட்ட விட்டு தூரமா போன புள்ளய நெனச்சி பாடுற மாதிரியே கேக்குது, இங்க எந்தத் தாமான்ல (குடியிருப்புல) போயி கேட்டாலும் வீட்டுக்கு ஒரு புள்ள சிங்கப்பூர்லயோ ஜொகூர்லயோ வேலைக்கி இருக்கு, அதனால எனக்கு அப்படித் தோணலாம். எட்டாவது 'அதர் சைட் ஆஃப் த லைட்' அதே அமைதி. எனக்கு ஒட்டாத பாட்டுன்னா ஒம்பதாவது 'லிட்டில் பிட் கிரேஸி', வாசிப்புல கொற இல்ல, ஆனா இந்த மாதிரி பாட்ட இவங்களே முன்னாடி இதவிட நல்லா பண்ணியிருக்காங்க. மொத்தம் 10 பாட்டு, இன்னும் ரெண்டு இருந்துருக்கலாம்னு இருக்கு.

இப்ப ட்ரம்ஸ் பத்தி சொல்லியே ஆவணும். பிரிட் டர்னர். 2022லயே மூளைல கட்டி, கிளையோபிளாஸ்டோமான்னு கண்டுபுடிச்சிட்டாங்க, சிகிச்சைக்கி நடுவுலயும் மனுசன் பேண்ட விடல. ஆல்பம் வந்து 16 நாள்தான், மார்ச் 3ஆம் தேதி எறந்துட்டாரு. பேஸ் கிட்டார் வாசிக்கிற ரிச்சர்ட் டர்னர் அவரு கூடப் பொறந்தவரு. இது தெரிஞ்சப்பறம் இந்த ஆல்பத்த முன்ன மாதிரி என்னால கேக்க முடியல, ஒவ்வொரு பாட்டுலயும் காது கீழ எறங்கி ட்ரம்ஸயும் பேஸயுமே தேடுது. எங்கயும் தன்னக் காட்டிக்கிற அடி ஒண்ணு கூட கெடையாது. பாட்டு விழாம தாங்கிப் புடிக்கிற அடி.

எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுனவரு, எளவயசுல தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு தப்பு அடிப்பாரு. இங்கிலீசு பாட்டெல்லாம் அவருக்கு ஆவாது. ஒரு ஞாயித்துக்கெழமை வீட்ல இந்த ஆல்பத்தோட இசைத்தட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சி, அவரு தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) குடிச்சிக்கிட்டு ஒக்காந்துருந்தாரு. பாத்தா மேச மேல இருந்த பிஸ்கட் டின்னுல வெரலு தட்டுது, நடு வெரலும் மோதர வெரலும், வலது கை மட்டும். 'டிக் எ ஹோல்' முடியிற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்துட்டு, "அடிக்கிறவன் அவசரப்படலடா, பாடுறவனுக்கு எடம் உடுறான்"னாரு. நான் விசயத்த சொன்னேன், ஆளு எறந்துட்டாருப்பா, தம்பியும் அண்ணனுமா வாசிச்சாங்கன்னு. இன்னொருத்தரு என்னா வாசிக்கிறாருன்னு கேட்டாரு. பேஸ், அதான் கீழ தும்முதும்முனு கேக்குதே அதுன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அப்ப இனிமே அவனுக்குத்தான் கஷ்டம், பக்கத்துல திரும்பிப் பாத்தா வேற ஆளு இருப்பான்"னாரு. தே ஓ ஆறிப் போயிருந்துச்சி, அப்படியே குடிச்சாரு.

தட்டு வாங்குறவங்களுக்கு ஒரு விசயம். நான் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணது ஒறையோட மூல மடங்கி வந்துச்சி, விக்கிறவன்கிட்ட ரெண்டு தரம் எழுதியும் பதில் இல்ல, அதனால அட்டை வச்சி கட்டி அனுப்புறாங்களான்னு மொதல்லயே கேட்டுக்குங்க. தட்டுக்கு ஒண்ணும் ஆவல. இப்ப எங்கப்பாவே வெள்ளத்துணியால தொடச்சி எடுத்து வைக்கிறாரு, ஞாயித்துக்கெழமைல நான் கேக்காமலே "அந்த அண்ணந்தம்பி தட்டப் போடுறா"ங்கறாரு.