அப்பாவின் லெஞ்யானோவுக்குப் பாகம் தேடிய ஐந்து வாரங்கள்

லண்டனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஆனாலும் ஊர் என்றால் எனக்கு இத்தாலியின் பொலோஞ்யாதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து நான்கு வயதில் போனவன், படித்து வளர்ந்தது அங்கே. அம்மாவும் அப்பாவும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்த முறை ஐந்து வாரம் விடுப்பு எடுத்துப் போனேன். ஒரே வேலை: அப்பாவின் பச்சை லெஞ்யானோ சைக்கிளை, அது செய்யப்பட்ட காலத்துப் பாகங்களோடு மறுபடி ஓட வைப்பது.

அப்பா பன்னிரண்டு வருடம் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அவர் இறந்த பிறகு, பிள்ளைகள் அவருடைய சைக்கிளை அப்பாவிடம் கொடுத்தார்கள். கழுத்தில், வாளை உயர்த்தி நிற்கும் வீரனின் சின்னம். 1940-ல் ஃபவுஸ்தோ கொப்பி என்ற வீரர் இத்தாலியைச் சுற்றும் ஜீரோ தித்தாலியா சைக்கிள் பந்தயத்தை வென்றது இதே நிறுவனத்தின் அணியில். இதெல்லாம் அப்பாவுக்கு அப்போது தெரியாது. காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று வேலைக்கு ஓடியவருக்கு, எது உடைந்தாலும் மலிவாகக் கிடைத்ததைப் பூட்டினால் போதும். அப்படிப் பின் கியர், பிரேக், பின் பல்சக்கரங்களின் தொகுப்பான ஃப்ரீவீல், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் எல்லாம் மாறிப்போயின. மிஞ்சியவை சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்புகளும், பெடல்களைத் தாங்கும் கிராங்கும், ஹேண்டில்பார் திரும்ப உதவும் கழுத்துத் தாங்கியான ஹெட்செட்டும்.

நான் செய்த முதல் தவறு ஆகஸ்டில் போனது. ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி, சிறிய கடைகள் இரண்டு மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும். நான் குறித்து வைத்திருந்த நான்கு கடைகளில் மூன்றின் கதவில் 'விடுமுறை' அட்டை. செப்டம்பரில் போங்கள். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று, மூன்றரை வரை கடை சாத்தியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

திறந்திருந்த நான்காவது கடையில் பாட்டம் பிராக்கெட் கேட்டேன். கிராங்கின் அச்சைத் தாங்கும் கப்புகள் தேய்ந்திருந்தன. "இது எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால், மரையே பிடிக்காமல் கப் உள்ளே வழுக்கிப் போகிறது. அது ஆங்கில மரை, விட்டம் 34.8 மி.மீ. இத்தாலியச் சைக்கிள் சட்டகத்தின் மரை 36 மி.மீ., கப்புகள் போகும் குழாயின் அகலம் 68 அல்ல, 70. இரண்டு பக்கமும் வலது மரை, அதாவது வலம் சுற்றினால் இறுகுவது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பொட்டலம் பிரித்ததைத் திரும்ப வாங்குவதில்லை என்றார்கள். முப்பது யூரோ போனது. பணத்தைவிட, சைக்கிளைப் பார்க்காமலே ஒருவர் அப்படி உறுதியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செப்டம்பர் முதல் வாரம், பழைய மதிலுக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னப் பட்டறை திறந்தது. எழுபது வயது தாண்டிய மெக்கானிக். கைபேசியில் படங்களைக் காட்டினேன், அவர் பார்க்கவே இல்லை. "சைக்கிளைக் கொண்டு வாருங்கள், உங்கள் அப்பாவையும் கூட்டி வாருங்கள்" என்றார். மறுநாள் இருவருமாய்ப் போனோம். பின் சக்கரத்தைக் கழற்றி, ஹப்பின் பூட்டு நட்டைப் பெட்ரோல் துணியால் துடைத்துவிட்டு என்னிடம் பூதக்கண்ணாடியை நீட்டினார். 'காம் 72' என்று பொறித்திருந்தது. ஹப்பைச் செய்த கம்பஞ்யோலோ கம்பெனி அந்த நட்டுகளில் ஆண்டைப் பொறித்தது. என் சைக்கிளின் வயது அதன் மேலேயே எழுதியிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவருடைய அலமாரியில் பெட்டியோடு கம்பஞ்யோலோவின் ஒரு சூப்பர் ரெக்கார்டு டிரெய்லியர், அதாவது செயினை மாற்றும் பின் கியர், இருந்தது. நான் அதைக் கேட்டேன், நல்ல விலையும் சொன்னேன். அவர் தரவில்லை. இந்தச் சைக்கிள் செய்யப்பட்டபோது சூப்பர் ரெக்கார்டு வரவே இல்லை, உங்களுக்கு வேண்டியது நுவோவோ ரெக்கார்டு, அதன் மேல் 'பேட்டென்ட் 72' என்று இருக்கிறதா பாருங்கள் என்றார். விற்க மறுத்த அந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை.

பிரேக்கையும் அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். ஹெட்செட் அடுக்கில் கேபிளை நிறுத்தும் ஒரு சிறு கொக்கி மிஞ்சியிருந்தது. பக்கவாட்டில் இழுக்கும் பிரேக்குக்கு அது தேவையில்லை. ஆக, முதலில் இருந்தது நடுவில் இழுக்கும் வகை, அநேகமாக மிலானோவில் செய்த யுனிவர்சல் 61. பயனில்லாத ஒரு தகட்டை முப்பது வருடமாகக் கழற்றாமல் விட்டதற்காக அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு இமோலா. செப்டம்பரில் அங்கே பந்தயக் களத்திலேயே பழைய வாகனங்களுக்கும் பாகங்களுக்கும் பெரிய பரிமாற்றச் சந்தை கூடும். பொலோஞ்யாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கார், மோட்டார் சைக்கிள் சாமான்கள்தான் அதிகம், சைக்கிள் மேசைகளைத் தேடி நடக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் கொண்டு போங்கள், சில்லறையாகப் பணமும். ஒன்பதாவது மேசையில் 'பேட்டென்ட் 72' கிடைத்தது, 75 யூரோ. செயினைத் தாங்கும் கூண்டு நேராக இருக்கிறதா, தடுப்பு ஸ்க்ரூக்கள் சுற்றுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஐந்து பல்சக்கர ரெஜீனா ஃப்ரீவீலை விற்றவர் அதைக் காதருகே சுழற்றிக் கேட்கச் சொன்னார். கரகரப்பு இல்லை. பின் அச்சின் இடைவெளி 120 மி.மீ. என்பதால் ஆறு பல்சக்கரம் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். யுனிவர்சல் பிரேக் ஜோடியும் அங்கேயே கிடைத்தது.

ஸ்டெம்தான் படுத்தியது. சினெல்லி கம்பெனியின் ஸ்டெம் ஒன்று அருமையான விலைக்கு வந்தது, ஆனால் அதில் 1979-க்குப் பிறகு வந்த புதுச் சின்னம். விட்டுவிட்டேன். பழைய கேடயச் சின்னத்தோடு இன்னொன்று மாலையில்தான் கிடைத்தது. சினெல்லியின் பிடி 26.4 மி.மீ., வேறு கம்பெனிகளின் ஹேண்டில்பார் பெரும்பாலும் 26 அல்லது அதற்கும் கீழே. அந்தச் சிறு வித்தியாசத்தைப் போல்ட்டை முறுக்கிச் சமாளித்தால் ஸ்டெம் விரிசல் விடலாம். அதனால் ஹேண்டில்பாரையும் சினெல்லியிலேயே வாங்கினேன்.

பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் மெக்கானிக். லேசான சோப்புத் தண்ணீர், அப்புறம் மெழுகு, அவ்வளவுதான். பச்சை ஓணான் நிறம் என்று அவர்கள் சொல்லும் அந்த மஞ்சள் கலந்த பச்சை, அழுக்கு போனதும் அப்படியே எழுந்து வந்தது. ஸ்டிக்கர்கள் பாதி உதிர்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இத்தாலிய மரையில் வலப்பக்கக் கப் ஓட ஓடத் தானாகவே தளரும் குணம் உள்ளது. அதை அவர் நீண்ட சாவி போட்டு, உடம்பையே கொடுத்து முறுக்கினார். கப்புகள் அவருடைய பழைய டப்பாவிலிருந்து வந்தவை. அவற்றோடு இரண்டு நாள் வேலைக்கு 110 யூரோ, ரசீதும் கொடுத்தார். கார்டு வாங்குவதில்லை. அப்பா பட்டறை வாசலிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, பிரேக் பிடிக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்று மாலை வரை சைக்கிளை வீட்டுக்குள்ளேயே நிறுத்தியிருந்தார்.

பெடலுக்கான தோல் வார் மட்டும் அந்தக் காலத்தது கிடைக்கவில்லை. மெக்கானிக் ஒரு காலி டப்பாவை எடுத்து, '72, பச்சை' என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார்.