நான்கு டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறோம் என்ற பேச்சை நம்பி 92,000 ரூபாயை இழந்தேன்

நாகர்கோவிலில் பதினாறு ஆண்டுகளாகத் திருமண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கடந்த திங்கட்கிழமை காலையில் என் சர்வரில் இருந்த பதினொரு திருமணங்களின் பதிவுகள் மொத்தமாகப் போய்விட்டன. சனிக்கிழமை இரவு இதை எழுதுகிறேன். இந்த நேரம் வரை, அந்தச் சர்வரை 92,000 ரூபாய்க்கு விற்ற கடையிலிருந்து ஒரு நேர்மையான பதில்கூட வரவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய சர்வர்களையும் கணினி உதிரிபாகங்களையும் விற்று, அலுவலகங்களுக்கு நெட்வொர்க் வேலையும் செய்து கொடுக்கும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு திருமணத்துக்கு 300 ஜிபி, 400 ஜிபி என்று பதிவுகள் சேர்ந்துகொண்டே போக, எந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் யாருடைய கல்யாணம் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டதால், ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் ஒரு வழி செய்துவிட வேண்டும் என்று ஆடி மாதக் கடைசியில் அந்தக் கடைக்குப் போனேன். நான்கு 4 டிபி டிஸ்க்குகளை ஒரு சர்வரில் பொருத்தி, நான்கையும் ஒரே டிரைவாக ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் பழுதானாலும் பதிவுகள் போகாமல் காக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) இணைத்துத் தருவதாக உரிமையாளர் சொன்னார். டிஸ்க்குகள் புதியவை என்றும் சொன்னார்.

சர்வரைப் பொருத்த வந்த பையனுடன் உரிமையாளரும் வந்திருந்தார். எங்கள் எடிட்டிங் கணினியில் அந்த டிரைவைத் திறந்து, ‘14.5 டிபி’ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "பாருங்க தம்பி, நாலும் சேர்ந்து ஒண்ணாயிட்டு. இனி ஒரு டிஸ்க் போனாலும் பயப்படாண்டாம், மீதி மூணும் காப்பாத்திரும்" என்றார். என் தகப்பனாரை அவருக்குத் தெரியும். வீட்டு விசேஷங்களைப் பற்றியும் விசாரித்தார். அந்த 14.5 என்ற எண்ணைப் பார்த்து, கொடுத்த காசுக்கு நிறைய இடம் கிடைத்திருக்கிறது என்று மகிழ்ந்து, முழுத் தொகையையும் அங்கேயே அனுப்பிவிட்டேன்.

என்னை ஏமாற்றியதற்கான சாட்சி அந்த எண்தான். ரெய்டு 5-இல் நான்கு டிஸ்க்குகள் இருந்தால் ஒரு டிஸ்க்கின் அளவு பாதுகாப்புக்கான கணக்குக்குப் போய்விடும். மீதி 12 டிபி; கணினி டிபியை எண்ணும் முறை வேறு என்பதால், திரையில் ஏறத்தாழ 10.9 என்று காட்டும். 14.5 காட்டினால் நான்கு டிஸ்க்குகளின் 16 டிபி இடமும் முழுமையாகக் கைக்கு வந்திருக்கிறது, பாதுகாப்புக்கு ஒன்றுமே ஒதுக்கவில்லை என்று பொருள். இதைத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்த பிறகே அறிந்தேன். அவர் ஒரு கட்டளையைத் தட்டியதும் ‘ரெய்டு 0’ என்று வந்தது. அந்த முறையில் ஒவ்வொரு வீடியோவும் சிறு சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு நான்கு டிஸ்க்குகளிலும் மாறி மாறி எழுதப்படுகிறது. ஒன்று போனால், மற்ற மூன்றும் நல்ல நிலையில் இருந்தாலும், அவற்றில் இருப்பவை ஒட்டவைக்க முடியாத துண்டுகளே. திங்கட்கிழமை காலையில் சர்வருக்குள் ‘டிக், டிக்’ என்று கேட்டதே, அது மூன்றாவது டிஸ்க்கின் சத்தம். இயங்கிய மற்ற மூன்றையும் சோதித்தபோது, அவற்றில் ஒன்று ஏற்கெனவே 41,000 மணி நேரம் ஓடியதாகப் பதிவாகியிருந்தது. நாலரை ஆண்டுகளுக்கும் மேலாக இரவும் பகலும் ஓடிய டிஸ்க்கைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

செவ்வாய் மாலை கடைக்குப் போனால், "என்ஜினியர் குளச்சலுக்கு வேலைக்குப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க" என்றார்கள். புதன்கிழமை முழுவதும் தொலைபேசியை எடுக்கவில்லை. வியாழக்கிழமை நேரில் போய் நின்றபோது, டிஸ்க்குக்குத்தான் வாரண்டி, உள்ளே இருப்பதற்குக் கிடையாது என்றும், வேறொரு நகல் எடுத்து வைக்காதது என் தவறு என்றும் உரிமையாளர் சொன்னார். நகல் வைக்காதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "ஒரு டிஸ்க் போனாலும் பயப்படாண்டாம்" என்று சொன்ன வாய்தானே அது? கடைசியில் பில்லை எடுத்து நீட்டினார். அதில் ‘ரெய்டு சர்வர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. "ரெய்டு 0-வும் ரெய்டுதானே தம்பி" என்கிறார். ரெய்டு (RAID) என்ற ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான R என்பதே, ‘Redundant’, அதாவது ஒன்று போனாலும் ஈடுகட்டும் உபரி ஏற்பாட்டைக் குறிப்பது. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் இந்த முறைகளை வகைப்படுத்தியபோது ஒன்று முதல் ஐந்து வரைதான் எண் கொடுத்தார்கள். பூஜ்யம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் உபரி என்று எதுவுமே இல்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். பணம் கொடுக்கும் முன் படித்திருக்க வேண்டும்.

92,000 ரூபாயைச் சம்பாதித்துவிடலாம். குளச்சலில் எடுத்த ஒரு திருமணத்தின் மாப்பிள்ளை விடுப்பு முடிந்து மஸ்கட்டுக்குப் போய்விட்டார், பெண்ணின் அம்மா, "வீடியோ என்னைக்குக் கிடைக்கும் மக்களே?" என்று நேற்றும் கேட்டார். அவருக்கு இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நேரில் போய்ச் சொல்லப் போகிறேன்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பில்லில் ரெய்டு 5 என்றோ ரெய்டு 1 (ஒரே பதிவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும் முறை) என்றோ எண்ணுடன் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு டிஸ்க்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். எந்த ரெய்டாக இருந்தாலும் தனியாக ஒரு நகல் வையுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நான் போகிறேன்.

இன்னொன்று. உங்கள் பதிவுகளை ஏற்றும் முன், ஒரு வீடியோவை மட்டும் அந்த டிரைவில் போட்டு ஓடவிட்டு, கடைக்காரரையே ஒரு டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பிறகும் படம் ஓடினால் பணத்தைக் கொடுங்கள்.