இராசவள்ளிக்கு எந்தக் கொழுகொம்பு?

இராசவள்ளி, ஊதா நிறக் கிழங்கு தரும் கொடி. சித்திரையில் அதற்குக் கிடங்கு வெட்டும்போது யாரும் கொழுகொம்பைப் பற்றி யோசிப்பதில்லை. கால் கிலோ அளவான கிழங்குத் துண்டைத் தாட்டு, மேலே சருகு பரப்பி மூடிவிட்டுப் போய்விடுவோம். முளை வந்து ஒரு முழம் நீண்டு காற்றில் தலையாட்டத் தொடங்கிய பிறகுதான் தடி தேடி வளவைச் சுற்றுவோம். கையில் அகப்படுவது பழைய பூவரசந் தடியாகவோ உடைந்த ஏணியாகவோ இருக்கும். ஆவணி வரை அது எப்படியோ தாங்கிவிடும். கார்த்திகையில்தான் அதன் வண்டவாளம் வெளியில் வரும்.

யாழ்ப்பாணத்தில் இராசவள்ளி வைப்பவர்களுக்கு இரண்டு காற்றோடு மல்லுக்கட்டு. ஆனி, ஆடியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று காய்ந்து வீசி இளங்கொடியைத் தடியிலிருந்து பிடுங்கி எறியும். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்ற வடகாற்றும் மழையும் வரும்போது கொடியில் இலை நிறைந்து, நனைந்து, பாரம் ஏறியிருக்கும். அந்த நேரம் கொழுகொம்பு சரிந்தால் நட்டம் பெரிது. ஏனென்றால், பகல்பொழுது குறையத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கொடி கிழங்கை மளமளவென்று பெருப்பிக்கும். புரட்டாதியிலிருந்து மார்கழி வரை இலை பச்சையாக, வெயில் படும்படி நின்றால்தான் மண்ணுக்குள் ஏதாவது சேரும். ஆகவே எந்தக் கொழுகொம்பையும் நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: இலைக்கு வெயில் கொடுக்கிறதா, கார்த்திகைக்கு நிற்குமா?

நிலத்தில் படரவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேற்கு ஆபிரிக்காவின் வறண்ட புல்வெளிப் பகுதிகளில் தடி இல்லாமலோ குட்டைத் தடியிலோ வள்ளி வளர்க்கிறார்கள். மழை கூடிய காட்டுப் பகுதிகளில் ஆளுயரத்தைத் தாண்டிய தடி நடுகிறார்கள். எங்கள் ஊர் ஒரே வருடத்தில் இரண்டும்தான். வைகாசி வெயிலில் சுடுமண்ணில் கிடக்கும் கொடி கருகும். கார்த்திகை ஈரத்தில் கிடக்கும் இலையில் கரும்புள்ளி விழுந்து, ஒரு கிழமைக்குள் கொடியே எரிந்ததுபோல் ஆகிவிடும். இராசவள்ளிக்கு அந்த இலைக்கருகல் நோய் பொல்லாத எதிரி. மண்தெறிப்பும் காற்றோட்டம் இல்லாத நெருக்கமும் அதற்குக் கொண்டாட்டம். கொழுகொம்பே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு இனம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ தன்யா என்ற வெள்ளைவள்ளி கொடி ஓடாமல் குட்டையாகச் செடிபோல் நிற்கும். ஆனால் அது வெள்ளை. இராசவள்ளியில் காய்ச்சும் ஊதா நிறக் கஞ்சி வேண்டுமென்றால் தடி தேடத்தான் வேண்டும்.

மரமா, தடியா?

எங்கள் ஆச்சி காலத்து முறை மரம்தான். வேலியோரம் தாட்டுவிட்டால் அது பாட்டில் ஏறிக்கொள்ளும், செலவில்லை, வேலையில்லை. ஆனால் எந்த மரம் என்பதில்தான் கிழங்கின் அளவு இருக்கிறது. மாமரத்தில் ஏற்றியவர் கிண்டிப் பார்க்கும்போது கையளவு கிழங்குக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. வருடம் முழுக்க அடர்ந்த நிழல். கொடி வெயிலைத் தேடி உச்சிக்கு ஓடுவதிலேயே சத்தைச் செலவழித்துவிடும். பலாவும் அப்படியே.

முருங்கையின் நிழல் மெல்லியது, இலைக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கும். அதை நம்பி நானும் ஏற்றினேன். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று சும்மாவா சொன்னார்கள்? நனைந்த கொடியின் பாரத்தோடு ஒரு காற்று அடித்தால் கொப்பு முறிந்து கொடியையும் கூட்டிக்கொண்டு விழும். கொக்கத்தடி போட்டு முருங்கைக்காய் பறிக்கும்போது பாதிக் கொடி கையோடு வரும். மாரியில் அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி என்ற கம்பளிப்புழு மொய்த்துவிட்டால் கிட்டப் போய்க் கொடியைத் தொடவும் முடியாது.

கமுகு நேராக நிற்கும், நிழல் குறைவு, காற்றுக்கு வளையுமே தவிர முறியாது. ஆனால் கொடி இருபது அடிக்கு மேல் போய்விடும். இலையில் நோய் வந்தால் உங்களுக்குத் தெரிவதற்குள் அது முடிந்துபோயிருக்கும். கிணற்றடியில் ஏற்கெனவே கமுகு நிற்கிறதென்றால் ஒரு கொடி விடுங்கள். இதற்காக யாரும் கமுகு நடப்போவதில்லை.

என் தெரிவு சீமைக்கிளுவைக் கதியால், அதாவது வேலியில் ஊன்றித் துளிர்க்கவிட்ட உயிர்த்தடி. கிளிசிறிடியா என்று சொன்னால் இன்னும் பலருக்கு விளங்கும். வேர் ஊன்றிய மரம் என்பதால் காற்றுக்கு அசையாது, கறையான் அரிக்காது, தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். குறை ஒன்றுதான்: விட்டால் அதுவே காடாகி நிழல் போடும். ஆகவே சித்திரையில், கிழங்கு தாட்கும்போதே, ஒன்பது அடி உயரத்தில் தலையை வெட்டி இரண்டு மூன்று கவர் மட்டும் விடுகிறேன். ஆடியில் ஒருமுறை, புரட்டாதி தொடக்கத்தில் ஒருமுறை துளிரைக் கழித்து, அந்தக் குழையை அப்படியே கொடியின் அடியில் போடுகிறேன். வெட்டாமல் விட்ட வருடம் மாமரக் கதைதான் நடந்தது. கிடங்கைக் கதியாலின் காலடியிலே வெட்டவும் கூடாது. மரத்தின் வேர் எருவையும் தண்ணீரையும் முந்திக்கொள்ளும். ஒரு மீற்றர் தள்ளி வெட்டி, அங்கிருந்து சரிவாகக் கயிறு கட்டிக் கொடியை மரத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் கயிறு தும்புக்கயிறாக, தேங்காய்நார்க் கயிறாக, இருக்கட்டும். சொரசொரப்பில் கொடி பிடித்து ஏறும். நைலோனில் வழுக்கிக் கீழே வந்து குவியும். தும்புக்கயிறு மாரியில் உக்கும் என்பது உண்மை. அதற்குள் பாரத்தை மரம் வாங்கிக்கொண்டிருக்கும், கயிற்றுக்கு வேலை முடிந்திருக்கும். பாரம் முழுவதையும் கயிற்றிலேயே தொங்கவிடும் ஏற்பாடு என்றால் தும்பு சரிவராது.

வேலியில் கதியால் இல்லாத, மதில் கட்டிய வளவுக்காரருக்குத் தடிதான் வழி. ஒற்றைத் தடியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தடித் தடி நிற்க இரண்டடியாவது மண்ணுக்குள் போகவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் பல இடங்களில் அதற்கு முன்பே அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில் ‘ணங்’ என்று முட்டும். மூங்கிலின் அடியைக் கறையான் தின்னும். வைரம் ஏறிய பனஞ் சலாகை கிடைத்தால் கறையானுக்குப் பயமில்லை, விலைக்குத்தான் பயம்.

இதற்கு நல்ல மாற்று, மூன்று தடிகளை முக்காலிபோல் விரித்துத் தலையில் சேர்த்துக் கட்டுவது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு கொடி. ஆழம் தேவையில்லை, முக்கால் அடி ஊன்றினால் போதும். பாரம் ஏற ஏற அது இன்னும் அழுந்தி நிற்கும். உச்சியில் மூன்று கொடியும் சிக்கி அடர்த்தியாவதுதான் குறை. அதனால் கால்களை நன்றாக அகட்டி வைக்க வேண்டும், கிடங்குகளுக்கிடையில் ஒரு மீற்றராவது இருக்கும்படி. எந்தத் தடியானாலும் கிழங்கு தாட்கும் அன்றே ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் எதைக் குத்துகிறீர்கள் என்று தை மாதம் கிண்டும்போதுதான் தெரியும்.

பந்தலும் கம்பிவலையும்

பாகல், புடோலுக்குப் போட்ட பந்தலில் இராசவள்ளியையும் விடலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. பார்க்க அழகுதான், கீழே கதிரை போட்டு இருக்கலாம். ஆனால் கொடி படுக்கையாகப் பரவும்போது இலைமேல் இலை மூடி, அடியிலுள்ளவை மஞ்சளாகிக் கொட்டும். மழைநீர் பிடித்த பச்சைக் கூரை என்ன நிறை நிறுக்கும் என்பது 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது தெரிந்தது. பந்தல் ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. அதே வளவில் முக்காலி முறுகியதே தவிர விழவில்லை. கதியால் அசையவே இல்லை. கொங்கிறீற் தூணும் கம்பியும் போட்ட பந்தல் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் இல்லை, நிழல் சிக்கல் மட்டும் இருக்கும்.

கம்பிவலை வேலி உயரம் போதாது. அதைவிட, காய்ந்த கொடியை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தெடுக்கும் வேலையை ஒருமுறை செய்தவர் மறுமுறை அந்தப் பக்கம் கொடி விடமாட்டார்.

எதில் ஏற்றினாலும் முளை வந்து இரண்டு கிழமைக்குள் வழி காட்டிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். விடியற்காலையில் தண்டு நீர் நிறைந்து முறுகலாக இருக்கும், தொட்டால் ஒடியும். இன்னொன்று: இராசவள்ளி ஒரு பக்கமாகத்தான் சுற்றும், முள்ளுத் தண்டுள்ள சிறுவள்ளி அதற்கு எதிர்ப்பக்கம். நாம் மாற்றிச் சுற்றிவிட்டால் அது தன் பாட்டில் அவிழ்ந்து மற்றப் பக்கம் போகும். எந்தப் பக்கம் என்று சந்தேகமென்றால் சும்மா தடியில் சாத்திவிட்டு ஒரு நாள் பொறுங்கள்.

தையில் கொடி காய்ந்ததும் கதியாலில் இருப்பதை அப்படியே உக்க விடுகிறேன், முக்காலியைக் கழற்றித் தாழ்வாரத்தில் ஏற்றிவிடுகிறேன். கிழங்கின் தலைப்பக்கத்தைத் துண்டாக்கிச் சாம்பல் தடவி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் உறங்கும். முருங்கையடியில் மட்டும் நான் தாட்காமலே ஒரு கொடி வருடாவருடம் முளைக்கிறது, கிண்டும்போது விடுபட்ட துண்டாக இருக்கும். அதை நான் தொடுவதில்லை, மயிர்க்கொட்டிக்குப் பயந்து.