படகுக்கு சார்ட்ப்ளொட்டர் பூட்டக் கொடுப்பவர்கள் கவனம்: கொழும்பில் எங்களுக்கு நடந்தது

கொழும்பு, வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் பாய்ப்படகோ மீன்பிடிப் படகோ வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். கடல் வரைபடத்தைத் திரையில் காட்டும் சார்ட்ப்ளொட்டரும், ஒலியை விட்டு ஆழம் பார்க்கும் டிரான்ஸ்டியூசரும் "சாமானும் எங்களது, பூட்டுறதும் நாங்கள், வாரண்டியும் நாங்கள்" என்று சொல்லி ஒருவர் வேலை எடுத்துக்கொண்டிருக்கிறார். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் என்ன செய்தார் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இது காசு போன கதை மட்டும் இல்லை, கடலில் ஆள் போயிருக்கக்கூடிய கதை.

படகு என்னுடையதும் மச்சானுடையதும், 28 அடி, பழைய பைபர், நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீல் (படகின் அடியில் நீண்டிருக்கும் தகடு) இறங்கும். தென்மேல் பருவத்தில் மேற்குக் கடலில் பாய் விரிக்க வழியில்லை, அதனால் வழமைபோலக் கரையேற்றியிருந்தோம், அந்த நேரத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று இவரைக் கூப்பிட்டோம். வந்தார், நன்றாகக் கதைத்தார், நாலரை இலட்சம் சொன்னார், முக்கால்வாசியை முதலே வாங்கினார். வேலையைச் சொன்ன நாளில் முடித்தும் விட்டார். திரையைப் போட்டுக் காட்டியபோது எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது.

முதலில் மாட்டியது ஆழக் கணக்கு. நவம்பரில் படகை இறக்கி, முகத்துவாரத்துக்கு வடக்கே களனி கங்கை வாய்ப்பக்கமாக ஒரு காலையில் நங்கூரம் போடப் போனோம். ஆறு மண்ணைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும் இடம், போன வருடத்து ஆழம் இந்த வருடம் இருக்காது, டிரான்ஸ்டியூசர் வாங்கியதே இதுமாதிரி இடங்களுக்காகத்தான். திரையில் கீலுக்குக் கீழே 3 மீட்டர் என்று காட்டியது. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த முகத்துவாரத்து ஐயா ஒருவர் கையை ஆட்டி, "தம்பி, இதில அவ்வளவு தண்ணி இல்லை, வெளியால எடுங்கோ" என்று கத்தினார். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்தால் மேல்மட்டத்திலிருந்து தரை வரைக்கும் மொத்தமே 2.3 மீட்டர். அதாவது கீலுக்குக் கீழே இருந்தது வெறும் 80 சென்டிமீட்டர். அலை கொஞ்சம் எழுந்திருந்தால் கீல் தரையில் குத்தியிருக்கும், அன்றைக்குப் படகில் என் மகளும் இருந்தாள்.

போன் எடுத்துக் கேட்டால், "அது தண்ணி ஏறி இறங்குறது அண்ணே" என்கிறார். கொழும்பில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. 2.2 மீட்டர் பிழையை அதன் தலையில் கட்ட முடியாது. உண்மையில் நடந்தது இதுதான். எங்கள் டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, கீலின் அடி அதற்கும் 1.1 மீட்டர் கீழே. கீலுக்குக் கீழே எவ்வளவு என்று காட்டவேண்டுமானால் ஆப்செட்டில் (அளந்த ஆழத்தோடு கூட்டும் அல்லது கழிக்கும் எண்) மைனஸ் 1.1 போடவேண்டும். இவர் பிளஸ் 1.1 போட்டிருக்கிறார். ஒரேயொரு குறி மாறியதால் உண்மையைவிட 2.2 மீட்டர் கூடுதலாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. யார் பூட்டித் தந்தாலும் சரி, முதல் தடவை தண்ணீரில் இறக்கியதும் ஈயக்குண்டை விட்டு அளந்து திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தோம். ப்ளொட்டர் புதுசு என்று விற்றது. சீரியல் நம்பரைப் பதிவு செய்யப் போனால் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வந்தது. உள்ளே சேமித்த புள்ளிகளைத் திறந்தால் மிச்சிகன் ஏரியில் யாரோ மீன் பிடித்த இடங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. அமெரிக்கச் சந்தைக்கு வந்த செட், அவர்களுடைய ஏரிகளும் கரையும்தான் விவரமாக ஏற்றியிருக்கிறது. இலங்கைக்கு வெறும் அடிப்படை வரைபடம்தான் உண்டு, அதில் ஆழக்கோடும் இல்லை பாறையும் இல்லை, துறைமுகத்துக்குள் நிற்கும் படகு தரைமேல் நிற்பதாகக் காட்டுகிறது. நம் கடலுக்கான சார்ட் கார்டைத் தனியாக வாங்கவேண்டும். "மேப் எல்லாம் உள்ளுக்கு இருக்கு" என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வயரிங் அதைவிட மோசம். வீட்டுக்கு இழுக்கும் சாதாரண வயர், ஈயம் பூசிய மரைன் வயர் இல்லை, உப்புக்காற்றில் முனைகள் அதற்குள்ளாகவே பச்சை பிடித்துவிட்டன. பியூஸ் கிடையாது. நேரே எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் கொழுவியிருக்கிறார், சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் வோல்ட் இறங்கி ப்ளொட்டர் அணைந்து திரும்ப எழும்புகிறது. காற்று மானியோடு இணைத்த என்எம்இஏ 2000 லைனில் (படகுக் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் கேபிள்) இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் டெர்மினேட்டர் (முனையை மூடும் ரெசிஸ்டர்) இருக்கவேண்டும், கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு டேட்டா வயருக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்டவேண்டும். எங்களுக்கு 120 காட்டியது, ஒரு முனையில் போடவே இல்லை. டிரான்ஸ்டியூசர் கேபிள் நீளமாக இருக்கிறது என்று நடுவில் வெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டியிருக்கிறார். அந்தக் கேபிளை வெட்டவே கூடாது, மிச்சத்தைச் சுருட்டி எங்காவது கட்டிவைக்கவேண்டும். வெட்டி ஒட்டினால் எதிரொலிச் சிக்னல் கெடும், தயாரித்தவனின் வாரண்டியும் போய்விடும்.

ஆனால் எனக்குப் பொறுக்கவே முடியாதது படகின் அடியில் செய்த வேலை.

எங்கள் படகின் பைபர் திண்ணமான பைபர் இல்லை. இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்த சாண்ட்விச் கட்டுமானம். இதில் துளை போட்டால், துளையைச் சுற்றி உள்ளே இருக்கும் பால்சாவைத் தோண்டி எடுத்து, அந்த இடத்தை எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகு திரும்பத் துளைத்து, அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்டியூசரை இறக்கவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மரத்துக்குள் ஏறி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே பரவி, மரம் அழுகி, தோல் இரண்டும் பிரிந்துவிடும். இவர் சும்மா ஹோல்சோவால் (வட்டமாக வெட்டும் வாள்) ஒரு துளை போட்டார், பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கனைத் தடவினார், பூட்டினார், போய்விட்டார். நீர்மட்டத்துக்குக் கீழே சிலிக்கனை நம்பி விடுவார்களா? அங்கே போடவேண்டியது பாலியூரிதேன் மரைன் சீலன்ட்.

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லவும் வழியில்லை. தரைப்பலகைக்குக் கீழே பில்ஜில், துளை போட்டபோது வெட்டுப்பட்டு வந்த அந்த வட்டத்துண்டை மச்சான் கண்டெடுத்தான். மேலே பைபர், கீழே பைபர், நடுவில் வெள்ளையாக மரம், யார் பார்த்தாலும் விளங்கும். அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார், பார்த்துவிட்டுத்தான் அங்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

படகைத் திரும்பக் கரையேற்றி டிரான்ஸ்டியூசரைக் கழற்றியபோது துளையின் ஓரத்திலிருந்து பிளேன் டீ நிறத்தில் தண்ணீர் வடிந்தது. யார்டில் பைபர் வேலை செய்யும் பாஸ் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார், நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று வரும், நனைந்த இடத்தில் மொத்தென்று விழும். துளையிலிருந்து ஒரு முழம் தூரம் வரைக்கும் மொத்தென்றுதான் கேட்டது. இப்போது உள்தோலை வெட்டித் திறந்து காயவிட்டிருக்கிறோம், ஈர மரத்தை எடுத்துப் புது பால்சா வைத்து மூடவேண்டும், அந்தச் செலவு ப்ளொட்டர் விலையைத் தாண்டிவிட்டது. துளை போட்ட இடமும் பிழை. கீலுக்குப் பின்னால், புரப்பெல்லருக்குக் கிட்ட வைத்திருக்கிறார், அங்கே தண்ணீர் கலங்கிக் குமிழியாக வரும், குமிழிக்குள்ளால் ஒலி போகாது. கொஞ்சம் வேகம் எடுத்தாலே ஆழம் காட்டாமல் கோடு கோடாக வந்தது அதனால்தான். இந்த மாதிரிக் கீல் உள்ள பாய்ப்படகில் கீலுக்கு முன்னால் ஒன்றிரண்டு அடி தள்ளி வைப்பதே முறை. பைபர் திண்ணமாக உள்ள படகென்றால் துளையே போடாமல் உள்ளேயிருந்தே பைபரினூடாக ஒலியை அனுப்பும் வகை டிரான்ஸ்டியூசர் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். சாண்ட்விச்சிலும் மரத்திலும் அது வேலை செய்யாது.

காசைத் திருப்பிக் கேட்டோம். முதலில் "வந்து பார்க்கிறன் அண்ணே" என்றார், அப்புறம் "தண்ணியில இறக்கின பிறகு வாரண்டி இல்லை" என்றார், படகுச் சாமானுக்கு அது என்ன வாரண்டி என்று மச்சான் கேட்டதும் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் 1977க்கு எடுத்துக் கேளுங்கள், பொருள் வாங்கிய அல்லது வேலை செய்வித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், அதனால் "பார்க்கிறன், வாறன்" என்று அவர் இழுத்தடிப்பதை நம்பி இருக்காதீர்கள். பில் கேளுங்கள், கேட்டால் வியாபாரி தரத்தான் வேண்டும், அதில் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். துளை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள், வெட்டி எடுத்த துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், அவர் போன கிழமை புது விளம்பரம் போட்டிருக்கிறார், அதில் இருக்கும் படம் எங்கள் படகின் காக்பிட். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீலக் கயிறு சுற்றியிருக்கும், திரையில் ஆழம் காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து வேலை கொடுக்க நினைப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வட்டத்துண்டு, வயரிங், கழற்றிய துளை எல்லாவற்றின் படங்களும் பில்லும் அனுப்புகிறேன்.