பி.காம். சி.ஏ.: டெல்டாவில் மூன்றாண்டு படித்தவனின் மதிப்புரை

கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.காம். கணினிப் பயன்பாடு படித்து முடித்தேன். ‘பி.காம். சி.ஏ.’ என்றதும் ஊரில் பாதிப் பேர் ஆடிட்டருக்குப் படிப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். என் பெரியப்பா இன்றும் வருமான வரித் தாள்களை என்னிடம்தான் நீட்டுகிறார்.

கணக்கியலை நன்றாகக் கற்றுத்தந்தார்கள். பேரேட்டையும் இருப்பாய்வையும் கையால் எழுதவைத்த ஆசிரியரை அப்போது திட்டினோம். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு பதிவு தவறும்போது எங்கே தேட வேண்டும் என்பது அந்தப் பயிற்சியால்தான் தெரிகிறது. கணினி ஆய்வகம் அப்படியில்லை. ஒரு கணினிக்கு இருவர் அமர்ந்தோம்; தரவுத்தளப் பாடத்தில் மூன்று பருவமும் மாணவர் பெயர், மதிப்பெண் என்ற ஒரே அட்டவணையைத்தான் உருவாக்கினோம், ஒரு விற்பனைச் சீட்டைக்கூடத் தொடவில்லை.

வணிகமும் கணினியும் எங்கே இணைகின்றன என்பதை நான் கற்றது நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில், இறுதியாண்டு ப்ராஜெக்டின்போதுதான். வாங்கிய நெல் அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. அது அரிசியாகவும் தவிடாகவும் உமியாகவும் குருணையாகவும் பிரிகிறது. 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது அரசு அரவைக் கணக்கு. ஈரம் காய்ந்து குறையும் எடைக்கும் இடம் வைக்காவிட்டால், கணினி காட்டும் இருப்பும் கிடங்கில் உள்ள மூட்டையும் ஒருநாளும் ஒத்துவராது. எஸ்.ஏ.பி. போன்ற நிறுவன நிர்வாக மென்பொருள்களை நிறுவனங்களுக்கு ஏற்ப அமைத்துத் தருபவர்கள் செய்வதும் பெரிய அளவில் இதே வேலைதான் என்பதைச் சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது உணர்ந்தேன்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கும்பகோணம் பாத்திரக் கடைகளுக்கும் கணினிக் கணக்கு தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வேலை உண்டு, சம்பளம்தான் பெரிதில்லை. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது; ஆனாலும் என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் பேருந்து ஏறினார்கள். எம்.சி.ஏ. என்ற முதுநிலைக் கணினிப் படிப்பில் எண்ணம் உள்ளவர்கள், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்கவில்லையென்றால், சேர்க்கை விதிகளை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்ற தமிழ்நாடு அரசின் திறன் வளர்ப்புத் திட்டத்தின் பயிற்சிகளையும் விட்டுவிட வேண்டாம்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே ப்ராஜெக்டுக்கு மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் கேளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தஞ்சாவூரில் ஒரு கடையில் பைண்டு போட்டு விற்ற ஆயத்த அறிக்கையை வாங்கிவந்து ஒப்படைத்தார்கள்; அதில் ஒரு பக்கத்தைக்கூட யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.