தானம் என்று சொல்லி வாங்கிய 28,520 ராண்ட்: டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று மத்தியானம்தான் முழு விஷயமும் தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதம் 620 ராண்ட், 46 மாதம், ஆக 28,520 ராண்ட். ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கட்டிய பணம். அந்த இல்லத்துக்கு இதில் ஒரு சென்ட் கூட இல்லை.

என் அம்மா அந்த இல்லத்தில் வளர்ந்தவர். சாகும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு சுட்டுப் பெரிய டின்னில் அடைத்து அங்கே கொண்டுபோவார். அவர் போன பிறகு அவர் பெயரில் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. வாத்தியார் சம்பளத்தில் மொத்தமாக எடுத்துக் கொடுக்க ஏது? அப்போதுதான் கோயில் மண்டபத்தில் ஒரு காப்பீட்டு புரோக்கர் அலுவலகத்துத் தம்பி பேசினான். "மாதம் கொஞ்சம் கட்டுங்கள் அண்ணா, உங்களுக்குப் பிறகு இல்லத்துக்கு 3 லட்சம் ராண்ட் போகும், இப்போதே வரியும் குறையும்" என்றான்.

2021 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். விளக்குக்கு முன்னால் நின்று கும்பிட்டான். அம்மா படத்தைப் பார்த்து, "இவங்கதானா?" என்று கேட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நின்றான். என் மனைவி இலை போட்டாள். சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு எல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இப்படி ஒருவனை எப்படிச் சந்தேகப்படுவது? சாப்பிட்டு முடித்துப் படிவங்களை எடுத்தான். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. மனைவி மகளுடைய பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பச்சை மைப் பேனா கொண்டுவந்தாள். நாலைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பாதிப் பக்கங்கள் காலி. "மீதியை ஆபீஸில் நிரப்பிக்கொள்கிறேன் அண்ணா, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றான். அந்தப் பச்சைப் பேனாவை மறக்காதீர்கள், பிறகு வருகிறது.

காப்பீடு மூலம் தர்மம் செய்வதில் தவறே இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வழி உண்டு. பாலிசி நம் பெயரில் இருக்கும், இல்லத்தைப் பெனிஃபிஷியரியாக, அதாவது நமக்குப் பிறகு பணம் பெறுபவராக, எழுதலாம். நம் காலத்துக்குப் பிறகு பணம் எஸ்டேட்டுக்குள் (நாம் விட்டுப்போகும் சொத்துக் கணக்குக்குள்) போகாமல் நேரே அவர்களுக்குப் போகும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் பெயரை மாற்றலாம் என்பதால் உயிரோடு இருக்கும்போது வரிச் சலுகை கிடையாது. இன்னொன்று, பாலிசியின் உரிமையையே இல்லத்துக்கு எழுதிக் கொடுப்பது. நாம் இல்லத்துக்கு நன்கொடை தருவோம், அவர்கள் பிரீமியம் கட்டுவார்கள், நமக்கு 18ஏ ரசீது (வரிச் சலுகைக்கான நன்கொடை ரசீது) தருவார்கள். வரி விதிக்கும் வருமானத்தில் 10% வரை கழிக்கலாம். அந்த ரசீது கொடுக்க சார்ஸ், அதாவது வரித்துறை, அங்கீகாரம் வேண்டும். பணம் நிஜமாகவே அவர்கள் கைக்கு வந்திருக்கவும் வேண்டும். கோயிலுக்குக் கொடுப்பதற்கு 18ஏ கிடையாது, மதக் காரியம் அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை. அவனோ மண்டபத்தில் கோயிலுக்கும் சேர்த்தே கிடைக்கும் என்று சொன்னான். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது.

வருஷா வருஷம் அவர்கள் அலுவலகத் தலைப்பில் "ரசீது" என்று ஒரு தாள் தந்தான். அதை வைத்துத்தான் வரிக் கணக்கில் கழித்தேன். போன ஆகஸ்டில் சார்ஸ் ஆதாரம் கேட்டது. அனுப்பினேன், ஏற்கவில்லை. தாளில் இல்லத்தின் பதிவு எண்ணே இல்லையாம். சரி, இல்லத்திலேயே வாங்கிவிடலாம் என்று போனேன். அலுவலகத்து அம்மா பேரேட்டை எடுத்து 2021-லிருந்து ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துப் பார்த்தார். "ஐயா, உங்கள் பெயரில் எங்களுக்கு எதுவும் வந்ததில்லையே" என்றார். என் அம்மாவின் பெயரைச் சொன்னதும் அவருக்கு முறுக்கு டின் ஞாபகம் வந்தது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

அன்றிலிருந்து மூன்று வாரம் அலைந்தேன். புரோக்கர் அலுவலகத்துக்குப் போன் செய்தால் "அவர் ஒரு வாடிக்கையாளரோடு இருக்கிறார்". வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. மெயிலுக்கு மூன்று தடவையும் ஒரே வரி: "உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது." நேரில் போனேன். ஷாப்பிங் சென்டரில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. அவன் மார்ச் மாதமே விலகிவிட்டானாம். மேனேஜர் வந்தார். "கையெழுத்து உங்களுடையதுதானே சார்?" என்றார். 28,520 ராண்ட் என்றேன். "இத்தனை நாள் உங்களுக்கு ஆயுள் காப்பீட்டுக் கவர் இருந்ததே சார், பணம் வீணாகவில்லையே" என்கிறார்! நான் எனக்காகவா கவர் கேட்டேன்?

இன்று காப்பீட்டு நிறுவனம் படிவங்களின் நகலை அனுப்பியது. பெனிஃபிஷியரி கட்டம் காலி. அதாவது நான் செத்திருந்தால் பணம் எஸ்டேட்டுக்குப் போயிருக்கும், அதைப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிக்யூட்டர் 3.5% கமிஷன் எடுத்த பிறகு மிச்சம். என் மெயில் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் கடையின் முகவரி. அதனால்தான் ஒரு கடிதமும் எனக்கு வரவில்லை. 2023 ஜூனில் பழைய பாலிசியை நிறுத்தி வேறு கம்பெனியில் புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள், அதுவும் என் கையெழுத்தோடு. பச்சை மையில். 2021-இல் எங்கள் சாப்பாட்டு மேசையில் போட்ட கையெழுத்துக்கு 2023 தேதி! புதுப் பாலிசி என்றால் புதுக் கமிஷன், வேறென்ன. கழியும் தொகை அதே 620 ராண்ட், பேங்க் ஸ்டேட்மெண்டில் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டுமே சரண்டர் மதிப்பு இல்லாத, அதாவது நிறுத்தினால் எதுவும் திரும்பாத, வெறும் ரிஸ்க் கவர். 28,520 ராண்டில் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை.

விவரமாக வழி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பாத தாளில் கையெழுத்துக் கேட்கவே கூடாது என்று ஃபைஸ் (நிதி ஆலோசகர்களுக்கான சட்டம்) நடத்தை விதியிலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் இல்லத்துக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். ரசீது இல்லத்திடமிருந்துதான் வரவேண்டும், புரோக்கரிடமிருந்து அல்ல. பாலிசி கைக்கு வந்து 31 நாளுக்குள் ரத்து செய்யலாம். டெபிட் ஆர்டரில் (பேங்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழிவது) பெயர் மாறினால் அன்றே கம்பெனியைக் கேளுங்கள்.

நாளைக் காலை பேங்குக்குப் போய் டெபிட் ஆர்டரை நிறுத்துகிறேன். கடைக்கு எழுத்தில் புகார் கொடுக்கிறேன். ஆறு வாரத்தில் அவர்கள் தீர்க்காவிட்டால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஃபைஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், போவேன். அன்று மண்டபத்தில் என்னோடு இன்னும் பதினைந்து பேராவது பெயர் கொடுத்தார்கள், பாதிப்பேர் வயதான ஆயாக்கள். அவர்களில் யாரையாவது தெரிந்தால் இன்று ராத்திரியே அந்தப் பெனிஃபிஷியரி பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்த மையில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.