அல்லிக்கு வாங்குன எர்கோனாமிக் கடிவாளம், எட்டு மாசம் ஓட்டிப் பாத்த பிறகு

எங்க ஊரு பள்ளத்தூர் பக்கம். வீட்ல ஒரு காத்தியவாரி இனக் குதிரை இருக்கு, பேரு அல்லி, பொட்டைக் குதிரை, ஒன்பது வயசு ஆகுது, உயரம் 147 சென்டிமீட்டர். பந்தயத்துக்கெல்லாம் விடுறதில்ல, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கண்மாய்க் கரையில ஒரு மணி நேரம் ஓட்டுவேன், அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு 4,800 ரூபாய்க்கு எர்கோனாமிக், அதாவது தலையில உறுத்தாத மாதிரி வடிவமைச்ச, கடிவாளம்னு வீட்ல அப்பத்தாலேர்ந்து எல்லாரும் கேட்டாங்க, அதனாலதான் கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன், குதிரை வச்சிருக்கிற யாருக்காவது உபயோகப்படும்.

அல்லிய வாங்கும்போது கூடவே ஒரு பழைய கடிவாளமும் குடுத்தாங்க, கல்யாண ஊர்வலத்துக்குப் போட்டது, நெத்திப்பட்டையில பித்தளைப் பூ எல்லாம் வச்சு பாக்க லட்சணமா இருக்கும். அதப் போடுறதுக்குள்ள தெனமும் இருபது நிமிஷம் போராட்டம். கைய தலைக்கு மேல கொண்டு போனாலே கழுத்த தூக்கிடுவா, இடது காது பக்கம் தொடவே விடமாட்டா. பாக்கிறவங்க எல்லாம் திமிரு புடிச்ச குதிரை, நாலு அடி போட்டா சரியாகும்னாங்க, எனக்கு மனசு ஒப்பல. அந்தக் காலத்துல குதிரை வண்டி ஓட்டுன ஒரு ஐயா பக்கத்துத் தெருவுல இருக்காரு, அவரு வந்து பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "ஆத்தா, அடிக்கிறதெல்லாம் இருக்கட்டும், மொதல்ல காது அடியில முடிய வெலக்கிப் பாரு". பாத்தேன். இடது காதுக்குப் பின்னாடி, காது தலையோட சேர்ற இடத்துல, கட்டைவிரல் அகலத்துக்கு முடியே இல்ல, தோலு தடிச்சுப் போயி சொரசொரன்னு இருந்துச்சு, சுத்தி நாலஞ்சு முடி மட்டும் வெள்ளையா மொளச்சிருந்துச்சு. ரெண்டு வருஷமா தெனமும் அதே எடத்துல வார் அழுத்தியிருக்கு, அவ சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா, எங்களுக்குத்தான் புரியல. அன்னிக்கு ரொம்ப அழுதேன்.

காரணம் என்னன்னு பாத்தா நெத்திப்பட்டை. ரெண்டு இன்ச் சின்னது. நெத்திப்பட்டை எதுக்கு இருக்குன்னா தலைக்கு மேல போற பட்டை பின்னால கழுத்துப் பக்கம் வழுக்கிப் போகாம இருக்கத்தான், ஆனா அதுவே சின்னதா இருந்தா தலைப்பட்டைய முன்னால இழுத்து காது அடியில கொண்டு போயி குத்த வச்சிடும். காத்தியவாரிக்கு இது டபுள் தொல்லை, காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ண ஒண்ணு தொடும், அந்தக் காது எப்பவும் திரும்பிக்கிட்டே இருக்கும், பின்னாடி இடமில்லாம பட்டை நெருக்குனா ஒவ்வொரு தடவ காத திருப்பும்போதும் உரசும். அதோட நெத்திப்பட்டை முடியிற எடத்துக்குப் பக்கத்துலதான் தாடை மூட்டு இருக்கு, மெல்லும்போது அசையிற மூட்டு, அங்கயும் அழுத்தம். அய்யனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வேளார் செய்யிற மண்குதிரையில நெத்திப்பட்டை காதோட ஒட்டி இறுக்கமா, மணியெல்லாம் வச்சு அம்சமா இருக்கும், சின்ன வயசுலேர்ந்து அதப் பாத்துப் பாத்து நெசக் குதிரைக்கும் அப்படி இருந்தாதான் அழகுன்னு நாமளே நெனச்சுக்கிறோம்னு தோணுது.

சரி, புதுசுக்கு வர்றேன். கான்பூர்ல செஞ்சது, ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். கம்பெனி பேரு போடல, ஏன்னா நான் சொல்லப் போறது எந்தக் கம்பெனி கடிவாளத்துக்கும் பொருந்தும். எர்கோனாமிக்னு எழுதியிருந்தாலே நல்லதுன்னு நெனச்சிடாதீங்க, சாதா கடிவாளத்துல அடியில கொஞ்சம் ஸ்பாஞ்ச் வச்சு தச்சு அந்தப் பேர்ல விக்கிறவங்களும் இருக்காங்க. மெத்து மெத்துன்னு இருக்கிறது ரெண்டாவது, மொதல்ல பாக்க வேண்டியது தலைப்பட்டையோட வடிவம். காது வர்ற எடத்துல ரெண்டு பக்கமும் பின்னால வளைச்சு வெட்டியிருக்கணும், காதுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு விரல் தாராளமா போகணும். உச்சியில பட்டை அகலமா இருக்கணும், பாரம் ஒரே கோட்டுல விழாம பரவணும். இன்னொண்ணு, சாதா கடிவாளத்துல மூக்குப்பட்டைக்குன்னு தனியா ஒரு வார் தலைப்பட்டைக்கு அடியில ஓடும், ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு வார், அடியில இருக்கிற மெல்லிசு வாரு கயிறு மாதிரி அறுக்கும். நான் வாங்குனதுல எல்லாம் ஒரே பட்டையிலேர்ந்து பிரியுது, அடியில தனி வார் கிடையாது. கைய அடியில விட்டுத் தடவிப் பாத்தா மேடு பள்ளம் எதுவும் தட்டுப்படல, தையல் கூட உள்பக்கம் புதைஞ்சிருக்கு. இதுக்காகவே காசு குடுக்கலாம்.

அளவு எடுக்கிறதுதான் பாதி வேலை. டெய்லர் டேப் போதும், ஆனா ஒரு ஆளு புடிச்சுக்கணும். ஒரு பக்க வாய் ஓரத்துலேர்ந்து உச்சி வழியா அடுத்த பக்க வாய் ஓரம் வரைக்கும் ஒண்ணு, ஒரு காதுக்குப் பின்னாடியிலேர்ந்து நெத்தி சுத்தி அடுத்த காதுக்குப் பின்னாடி வரைக்கும் ஒண்ணு, கன்ன எலும்பு முடியிற எடத்துக்கு ரெண்டு விரல் கீழ மூக்க சுத்தி ஒண்ணு, அப்புறம் தொண்டை. கடையில போனி, காப், ஃபுல்னு, அதாவது சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு சைஸ் வச்சிருப்பாங்க, வெளிநாட்டுக் குதிரைத் தலைய வச்சு போட்ட சைஸ் அது. காத்தியவாரிக்கு நெத்தி அகலம், கீழ வரவர மூஞ்சி குறுகிடும். அல்லிக்கு நெத்தி 40 சென்டிமீட்டர் வந்துச்சு, அது ஃபுல் சைஸ், மூக்கு காப் சைஸ்லயே கடைசி ஓட்டையிலதான் நிக்குது. அதனால பார்ட் பார்ட்டா வேற வேற சைஸ் குடுக்கிற கடையில மட்டும் வாங்குங்க, மார்வாரி இனக் குதிரை வச்சிருக்கிறவங்களும் ஒரு தடவ அளந்து பாத்துடுங்க.

இதுல எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. நெத்திப்பட்டை மட்டும் ஃபுல், மத்ததெல்லாம் காப்னு ஃபோன்லயும் சொல்லி எழுதியும் அனுப்புனேன், வந்தது மொத்தமும் காப். திருப்பி அனுப்புற கூரியர் செலவு என் தலையில, மாத்தி வர மூணு வாரம் ஆச்சு. தப்பு அவங்களோடது, செலவ அவங்கதான் ஏத்திருக்கணும்.

மூக்குப்பட்டை பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இங்க எல்லாருமே இறுக்கிக் கட்டுறாங்க. வாயத் தெறக்காம இருந்தா குதிரை அடங்கியிருக்குன்னு நெனப்பு. குதிரைக்கு மேல்கடவாப் பல்லு வெளிப்பக்கம் கூரா இருக்கும், கன்னத்துக்கு வெளியிலேர்ந்து மெதுவா விரல வச்சுப் பாத்தாலே அந்த விளிம்பு தெரியும், பட்டைய இறுக்குனா உள்கன்னம் போயி அந்தக் கூருல அழுந்துது, வாய்க்குள்ள புண்ணு, வெளிய ஒண்ணும் தெரியாது. ரொம்ப கீழ எறக்கிக் கட்டுனா இன்னும் மோசம், அங்க மூக்கெலும்பு மெல்லிசா முடியிற எடம், குதிரைக்கு மூக்கு வழியா மட்டும்தான் மூச்சு, நம்மள மாதிரி வாயால இழுக்க முடியாது. வெளிநாட்டுப் போட்டிகள்லயே இதுதான் நெலமை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியத்துல 750 போட்டிக் குதிரைங்கள அளந்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, 44 சதவீதம் குதிரைக்கு பட்டைக்கு அடியில ஒரு விரல் நுழையக்கூட இடமில்ல, ரெண்டு விரல் இடம் விட்டது வெறும் 7 சதவீதம். 2025லேர்ந்து எஃப்.இ.ஐ., அதான் சர்வதேச குதிரையேற்ற சம்மேளனம், அளவுக்கருவி ஒண்ணு கொண்டு வந்து 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கான்னு பாக்குறாங்க. நமக்கு ரெண்டு விரல் போதும், ஆனா மூக்கெலும்புக்கு நேர் மேல வச்சுப் பாக்கணும், பக்கவாட்டுல கன்னத்துப் பக்கம் விட்டுப் பாத்தா எப்பவுமே லூஸா இருக்கிற மாதிரிதான் தெரியும். இந்தக் கடிவாளத்துல மூக்குப்பட்டை அகலமாவும் இருக்கு, ஓட்டை நெருக்கமா போட்டிருக்காங்க, அதனால அரை விரல் கணக்குல கூட்டிக் கொறைக்க முடியுது. தொண்டைப்பட்டைக்கு நாலு விரல் நிமித்தி வச்சு விட்டிருக்கேன்.

பிட், அதான் வாய்க்குள்ள போற கம்பி, பழசுதான், அது அளவு சரியா இருந்ததால மாத்தல.

இப்ப எப்படி இருக்கான்னு கேட்டா, போட்ட அன்னைக்கே மாறிட்டான்னு சொன்னா பொய். கூரியர் வர்ற வரைக்கும் கடிவாளமே போடாம தலைக்கயிறுல கைல புடிச்சு நடத்துனேன், புண்ணு ஆற அந்த மூணு வாரம் உதவுச்சு. நடுவுல கால்நடை டாக்டர் வந்து பல்லு கூர ராவி விட்டாரு, அதனால எல்லாப் பேரையும் கடிவாளத்துக்கே குடுக்க முடியாது. மொத வாரம் அதே மாதிரி கழுத்தத் தூக்குனா. பட்டைய காது மேல இழுத்து மாட்டாம, ஒவ்வொரு காதா கையில மடக்காம மெல்ல உள்ள விட்டேன், பக்கத்துல நின்ன தம்பி வெல்லத் துண்டு குடுத்துக்கிட்டே இருந்தான். ரெண்டாவது மாசம் பாருங்க, மாட்டி முடிச்ச ஒடனே நாக்க சப்பு கொட்டிக்கிட்டு காது ரெண்டையும் தளர விட்டு நிக்கிறா, முன்ன அந்த நேரத்துல கண்ணு முழி வெள்ளை தெரிய நிப்பா. எட்டாவது மாசம் இப்ப, மாட்ட ரெண்டு நிமிஷம் கூட ஆகல, காதுக்குப் பின்னாடி முடி மறுபடி மொளச்சிருக்கு, கொஞ்சம் வெள்ளையாத்தான் மொளைக்குது, அது அப்படியே இருக்கும் போல. கரையில ஓட்டும்போது இடது பக்கம் திருப்புனா தலைய ஒதறுவா, அதுவும் நின்னு போச்சு. அந்த வண்டிக்கார ஐயா போன வாரம் வந்து காத தடவிக் குடுத்துட்டு "இப்பத்தான் ஆத்தா குதிரை மூஞ்சி குதிரை மாதிரி இருக்கு"ன்னாரு.

கொறையும் சொல்லிடுறேன். மொத நாலஞ்சு நாள் வேர்வையில கறுப்புச் சாயம் எறங்கி கன்னமெல்லாம் அப்பிக்கிச்சு, ஈரத்துணியால நல்லா தொடச்சு எடுத்துட்டுதான் அப்புறம் போட்டேன், வெளிர் நிறக் குதிரைன்னா நெத்தியில கோடு கோடா தெரியும். சித்திரை வைகாசி வெயில்ல தலைப்பட்டைக்கு அடியில இருக்கிற மெத்தை வேர்வைய உறிஞ்சிக்கிட்டு காயவே மாட்டேங்குது, குளிர் ஊருக்குன்னு டிசைன் பண்ணியிருப்பாங்க போல. ஆட்டு ரோமம் வச்ச மாடலும் இருக்கு, ரெண்டாயிரம் கூட, நம்ம ஊரு செம்மண் தூசிக்கும் வேர்வைக்கும் அது வேணவே வேணாம், ரோமம் சிக்குப் புடிச்சு கட்டியாயிடும், வழவழன்னு தோலு இருக்கிறதே மேல். கன்னப்பட்டையோட கொக்கி ஒண்ணு கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துச்சு, அத ஒரு ஓட்டை எறக்கி சரி பண்ணேன், வாங்குறவங்க இதையும் பாருங்க. கொக்கி ஸ்டீல், இதுவரைக்கும் துரு இல்ல.

பராமரிப்பு பெரிய வேலை இல்ல. ஓட்டி முடிச்சதும் உப்பு காயுறதுக்குள்ள ஈரத்துணியால உள்பக்கம் ஒரு தொடை, வாரத்துக்கு ஒரு தடவ சேடில் சோப்பு, அதான் தோல் சாமான் தொடைக்கிற சோப்பு, நெழல்ல காய வைக்கணும், வெயில்ல போட்டா தோலு வெடிச்சிடும். எங்க வீட்ல பழசுக்கு தேங்காண்ணெய ஊத்தி ஊற வப்பாங்க, அப்படி எண்ணெய் ஏத்துனா தோலு தளர்ந்து ஓட்டை நீண்டு, எடுத்த அளவெல்லாம் வீணாப் போயிடும், அதனால தோலுக்குன்னு விக்கிற கண்டிஷனர் விரல் நுனியில தொட்டு தேச்சா போதும். ஐப்பசி மழையில ரெண்டாங்கட்டு அறையில மாட்டியிருந்தேன், ஒரே வாரத்துல பச்சையா பூஞ்சை பூத்திடுச்சு, தொடச்சு எடுத்துட்டு இப்ப முகப்புல காத்து வர்ற எடமா பாத்து, ஆணியில மாட்டாம ஒரு உருண்டை மரக்கட்டை அடிச்சு அது மேல தலைப்பட்டைய படுக்க வச்சு மாட்டுறேன். ஆணியில தொங்கவிட்டா உச்சியில மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு நேரா அவ தலையிலதான் குத்தும்.